படிப்புக் குழுவுக்கு அட்மின் ஆகிறீர்களா? மாடரேட்டர் வேலை, படிப்படியாக

டெலிகிராமில் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களின் குழு ஒன்றில் 2022, 2024, 2025 என மூன்று தேர்வுகளுக்கு மாடரேட்டராக இருந்தேன். இடையில் புதிதாகப் பொறுப்புக்கு வந்த ஏழெட்டுப் பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். அந்த இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ குழு வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்கள் வேறாக இருக்கும், வேலையின் வரிசை இதேதான்.

(பழைய இணையத் தமிழர்கள் 'மட்டுறுத்துநர்' என்பார்கள். நல்ல சொல். எங்கள் குழுவில் மாடரேட்டர், உரிமையாளர் எல்லோருமே 'அட்மின் அண்ணா', 'அட்மின் அக்கா'தான். இங்கேயும் இரண்டு சொல்லையும் கலந்தே எழுதுகிறேன்.)

1. யாருக்காக வேலை செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எங்கள் குழுவில் நாலாயிரம் பேர் இருந்த காலத்தில் ஒரு நாளில் வாய் திறப்பவர்கள் ஐம்பது, அறுபது பேர். மீதிப் பேர் படித்துவிட்டுப் போவார்கள். துணிக்கடை வேலை முடிந்து இரவு பத்து மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளிப் படிப்பவர், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அன்றைய வினாக்களைக் குறித்துக்கொள்பவர். இவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள். குழு சந்தைக்கடை ஆனால் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள்.

புதிய மாடரேட்டரின் முதல் தவறு, பேசுகிற அறுபது பேரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது. அவர்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள், பழகியும் விடுகிறார்கள். ஒரு செய்தியை விடலாமா எடுக்கலாமா என்று தயக்கம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்றிரவு இதைப் படிக்கப்போகும் அந்தப் பேசாத ஆளுக்கு இது உதவுமா, குழப்புமா, பயமுறுத்துமா? கீழே வரும் பல படிகளுக்கு இந்தக் கேள்விதான் அடிப்படை.

2. பொறுப்பேற்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். அட்மினின் கணக்கு களவு போனால் குழுவே களவு போனதுபோல. மெம்பர்களை நீக்குவதிலிருந்து மோசடி லிங்கைப் பின் செய்வது (குழுவின் உச்சியில் நிலையாகத் தெரியும்படி வைப்பது) வரை எல்லா உரிமையும் திருடியவன் கைக்குப் போய்விடும்.

மாடரேட்டர்களுக்கு மட்டும் தனிக் குழு ஒன்று வேண்டும். முடிவுகளைப் பொதுவில் விவாதித்தால், நீங்கள் தயங்குவதையும் எல்லோரும் பார்ப்பார்கள், உங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டையும் பார்ப்பார்கள். ஒரு அட்மினை வைத்து இன்னொரு அட்மினை வெட்டப் பார்க்கும் ஆட்களுக்கு அது போதும்.

அப்புறம் ஒரு பதிவேடு. கூகுள் ஷீட் போதும்: தேதி, யார், என்ன செய்தார், எந்த விதி, என்ன நடவடிக்கை, எடுத்தது யார். டெலிகிராமின் 'சமீபத்திய செயல்கள்' பகுதியில் நீக்கிய செய்தியைக்கூடப் பார்க்கலாம். ஆனால் அது 48 மணி நேரம்தான் தங்கும். மூன்று வாரம் கழித்து ஒருவர் வந்து "என்னை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்கும்போது உங்கள் பதிவேடு மட்டும்தான் பேசும். 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்' என்று சொன்ன எல்லோருக்கும் மறந்துபோனது, எனக்கும்தான்.

கடைசியாக, அதிகாரபூர்வ இணைப்புகளின் பட்டியல்: தேர்வாணையத்தின் இணையதளம், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இலவசப் பாடநூல் தளம், பாடத்திட்டப் பக்கம். வதந்தி வரும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

3. விதிகளை முதல் சண்டைக்கு முன்பே எழுதுங்கள்

சண்டை வந்த பிறகு எழுதும் விதி, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஒரு ஆளைக் குறிவைத்து எழுதியதாகவே தெரியும். அதனால் குழுவில் நூறு பேர் சேர்வதற்குள் விதிகள் பின் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஏழு விதிக்கு மேல் வேண்டாம். யாரும் படிக்க மாட்டார்கள். நாங்கள் ஒரு காலத்தில் பத்தொன்பது வைத்திருந்தோம். அவை எங்களுக்கே மனப்பாடம் ஆகவில்லை.

'கண்ணியமாகப் பேசவும்' என்பது விதி ஆகாது. திட்டுகிறவரும் தான் கண்ணியமாகப் பேசுவதாகத்தான் நினைக்கிறார். ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிகிற மாதிரி எழுதுங்கள்: 'பயிற்சி மைய விளம்பரமும் சேரும் லிங்கும் கூடாது', 'கேட்காமல் தனிச்செய்தி அனுப்பக் கூடாது', 'அறிவிப்பு என்று எதைப் போட்டாலும் ஆணையத் தளத்தின் இணைப்போடு போட வேண்டும்', 'சாதியை வைத்து எந்த மெம்பரையும் குறிப்பிடக் கூடாது', 'விலைக்கு விற்கும் புத்தகம், டெஸ்ட் பேட்ச் (கட்டண மாதிரித் தேர்வுகள்) ஆகியவற்றின் பிடிஎஃப் கூடாது'.

அந்தக் கடைசி விதிக்கு எதிர்ப்பு வரும். "ஏழைப் பசங்க படிக்கட்டுமே" என்பார்கள். காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பதிப்புரிமைப் புகார் போனால் டெலிகிராம் குழுவையே முடக்கலாம், அப்போது எல்லோருடைய குறிப்பும் சேர்ந்து போகும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான சமச்சீர் நூல்கள் அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தடை போடும்போது மாற்று வழியையும் அதே வரியில் சொன்னால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

4. குழுவின் அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

ஆள் வைத்துக் காவல் காப்பதைவிடக் கதவைச் சரியாகப் போடுவது எளிது. குழு அனுமதிகளில் மெம்பர்கள் மற்றவர்களைச் சேர்ப்பதையும், பின் செய்வதையும், குழுத் தகவலை மாற்றுவதையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஸ்டிக்கரையும் ஜிஃப்பையும் அணைப்பது உங்கள் விருப்பம். நான் அணைத்துவிடுவேன். ஒரு நல்ல விளக்கத்துக்குக் கீழே நாற்பது கைதட்டும் பொம்மைகள் வந்தால் அடுத்த விளக்கம் மேலே போய்ப் புதைந்துவிடுகிறது.

பெரிய குழுக்களில் மெம்பர் பட்டியலை மறைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். விளம்பரக்காரர்கள் பட்டியலைத் திறந்து வரிசையாக ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தி அனுப்புவதை இது பெருமளவு குறைக்கும். எங்கள் குழுவில் மெம்பர்களுக்குத் தெரியாமல் செய்த மாற்றங்களில் மிகவும் பலன் தந்தது இதுதான்.

சேரும் லிங்கை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக உருவாக்குங்கள்: யூடியூப் விளக்கத்தில் ஒன்று, நண்பர்கள் வழியாகப் போகும் ஒன்று. எந்த லிங்க் வழியாக யார் வந்தார்கள் என்று டெலிகிராம் காட்டும். ஒருமுறை ஒரே இரவில் முப்பது விளம்பரக் கணக்குகள் உள்ளே வந்தன. எல்லாம் ஒரே லிங்க் வழியாக. அந்த லிங்கை ரத்து செய்தவுடன் வரத்து நின்றது. ஒரே பொது லிங்க் வைத்திருந்திருந்தால் வாசலையே சாத்த வேண்டியிருந்திருக்கும்.

'ஸ்லோ மோட்' என்பது ஒரு மெம்பர் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையில் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். இதை எப்போதும் போட்டு வைக்காதீர்கள். சந்தேகம் கேட்பவர் மூன்று துண்டாகத்தான் டைப் செய்வார், அவருக்கு இது தண்டனை. சூடான வாக்குவாதத்தின்போது மட்டும் ஐந்து நிமிடம் போடுங்கள். கோபம் டைப் செய்யும் வேகத்தில்தான் வளர்கிறது.

5. துணை மாடரேட்டர்களைத் தேர்ந்தெடுப்பது

'நான் அட்மின் ஆகட்டுமா?' என்று கேட்பவரை உடனே ஆக்காதீர்கள். ஒரே சந்தேகத்தை மூன்றாவது முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரைத் தேடிப்போய்க் கேளுங்கள். முதலில் மறுப்பார், பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்கள்.

முதல் மாதம் இரண்டு உரிமை மட்டும் கொடுங்கள்: செய்தியை நீக்குவது, மெம்பரைக் கட்டுப்படுத்துவது. புதிய அட்மினைச் சேர்க்கும் உரிமை உரிமையாளரிடமே இருக்கட்டும். நம்பிக்கை இல்லாததால் சொல்லவில்லை. ஒரு கணக்கு களவு போனாலும் சேதம் அந்த இரண்டு உரிமையோடு நின்றுவிடும், அதற்காகத்தான்.

இன்னொரு கண்டிப்பான ஏற்பாடு: தான் ஒரு தரப்பாக இருக்கும் வாக்குவாதத்தில் எந்த மாடரேட்டரும் பொத்தானைத் தொடக் கூடாது. தனிக் குழுவில் 'இதை யாராவது பாருங்க' என்று போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். திருக்குறள் அதிகாரம் ஒன்றைப் பற்றிய சண்டையில் எங்கள் மாடரேட்டர் ஒருவர் எதிராளியை மியூட் செய்துவிட்டார், அதாவது அவர் செய்தி போட முடியாதபடி ஆக்கிவிட்டார். அவர் சொன்ன பதில்தான் சரி. ஆனால் மறுநாளிலிருந்து அவர் எது சொன்னாலும் 'அட்மின் சொன்னா எதிர்க்க முடியுமா' என்ற கிண்டல் வந்தது. அவருடைய விளக்கங்களுக்கு இருந்த மதிப்பும் அதோடு போயிற்று.

பெண் மாடரேட்டர் ஒருவராவது இருக்க வேண்டும். ஏன் என்பது 8-ஆம் பகுதியில் வரும். அறிவிப்புகளையும் நடவடிக்கைகளையும் குழுவின் பெயரிலேயே, அதாவது பெயர் மறைத்த அட்மினாக, போடும் வசதி உண்டு. நடவடிக்கைக்கு அதைப் பயன்படுத்துங்கள். பாடம் சொல்லும்போது சொந்தப் பெயரில் வாருங்கள். கோபம் யார் தலையிலும் தனியாக விழாது.

6. தினமும் எந்த வரிசையில் பார்ப்பது

காலையில் திறந்தவுடன் புதியவர்கள் கீழிருந்து மேலே படிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது மாடரேட்டர்களுக்கு வந்த தனிச்செய்திகளை. அவசரமான புகார் அங்கேதான் இருக்கும், குழுவில் இருக்காது. அடுத்து பணமோ லிங்கோ உள்ள செய்திகள், இவை நேரம் ஆக ஆக ஆட்களைப் பலி வாங்கும். அப்புறம் 'அறிவிப்பு' என்று சுற்றுபவை. வாக்குவாதங்கள் கடைசி. இரவு நடந்த சண்டையில் பாதி, காலைக்குள் தானே அடங்கியிருக்கும். அடங்கியதைக் கிளறி 'இது என்ன பேச்சு?' என்று கேட்பது புதியவர்களின் பழக்கம். தூங்கும் நாயைத் தட்டி எழுப்பாதீர்கள்.

முறை வைத்துப் பாருங்கள். ஒரு ஆள் காலை, ஒரு ஆள் மாலை, ஒரு ஆள் இரவு பதினொன்று வரை. அட்மினும் படிக்க வேண்டியவர்தான். நாள் முழுக்கக் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணில் வாய்ப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

7. எச்சரிக்கையிலிருந்து வெளியேற்றம் வரை

படிகள் ஐந்து. செய்தியை எடுத்துவிட்டுத் தனியாகக் காரணம் சொல்வது, இரண்டாம் முறை எழுத்தில் எச்சரிக்கை, பிறகு ஒரு நாள் மியூட், பிறகு ஒரு வாரம், கடைசியில் பேன், அதாவது திரும்பச் சேர முடியாதபடி வெளியேற்றம். ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

காரணம் சொல்வதைத் தனிச்செய்தியில் செய்யுங்கள். நாலாயிரம் பேர் முன்னால் கண்டித்தால், தான் செய்தது தவறு என்று தெரிந்தவரும் மானத்துக்காக வாதாடுவார். தனியாகச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் 'சாரி ப்ரோ, தெரியாம போட்டுட்டேன்' என்று முடித்துவிடுவார்கள். பணம் கேட்பவர், மற்றவரை மிரட்டுபவர், சாதி சொல்லித் திட்டுபவர், பெண்களுக்குத் தனிச்செய்தியில் தொல்லை கொடுப்பவர் ஆகிய நால்வருக்கு மட்டும் இந்தப் படிகள் கிடையாது. நேரே பேன்.

புதியவர்கள் எழுதும் எச்சரிக்கை பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'இது லாஸ்ட் வார்னிங். இனிமே போட்டா ரிமூவ்.' இதில் எதைப் போட்டால் என்பதே இல்லை. நான் சொல்லிக் கொடுப்பது இந்த மாதிரி:

'வணக்கம் ப்ரோ. இன்று 11:20-க்கு நீங்கள் போட்ட பயிற்சி மைய லிங்கை எடுத்துவிட்டேன். 2-ஆம் விதிப்படி விளம்பரம் கூடாது. அதில் இருந்த வினாக்கள் நன்றாக இருந்தன, அவற்றை மட்டும் டைப் செய்து போட்டால் எல்லோருக்கும் பயன்படும். நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.'

எந்தச் செய்தி, எந்த விதி, அடுத்து என்ன செய்யலாம், மறுத்துப் பேச வழி. இந்த நான்கும் இருந்தால் போதும். குழுவில் பதினெட்டு வயதுத் தம்பியும் இருப்பார், நாற்பது வயது அக்காவும் இருப்பார். யாரென்று தெரியாதபோது 'நீங்கள்' போட்டே எழுதுங்கள். 'ப்ரோ' என்று அழைத்த ஆள் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா என்று பிறகு தெரிந்து நான் வழிந்ததுண்டு.

பேன் செய்யும்போது, அவருடைய எல்லாச் செய்திகளையும் சேர்த்து நீக்கும் தெரிவும் கேட்கப்படும். விளம்பரக் கணக்கென்றால் டிக் செய்யுங்கள். பழைய மெம்பர் என்றால் வேண்டாம். ஆறு மாதம் அவர் எழுதிய கணக்கு விளக்கங்களைக் குறித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது இழப்பு. இதைத் தெரியாமல் டிக் செய்து, ஒரு மெம்பரின் தனிவட்டி, கூட்டுவட்டித் தொடர் முழுவதையும் நாங்கள் இழந்தோம்.

8. தனிச்செய்தித் தொல்லையும் போலி அட்மினும்

ஒரு பெண் குழுவில் சந்தேகம் கேட்கிறார். பத்து நிமிடத்துக்குள் நான்கு பேர் தனிச்செய்தியில் வருகிறார்கள்: 'ஹாய் சிஸ், எந்த ஊர்?', 'நோட்ஸ் அனுப்பவா?' அவர் அதற்கப்புறம் சந்தேகமே கேட்பதில்லை. பேசாத மெம்பர்களில் பலர் இப்படித்தான் பேசாமல் ஆனவர்கள். இதை நான் உணர ஒரு வருடம் ஆயிற்று. பெண் மாடரேட்டர் வந்த பிறகுதான் புகார்களே வெளியே வந்தன. அதுவரை தொல்லையே இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புகார் வந்தால் முதலில் நம்பிக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், முடிந்தால் அந்தச் செய்தியையே உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். காட்சிப் பெயரை யாரும் யாரைப் போலவும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் பயனர்பெயரைச் சரிபார்த்த பிறகே பேன் செய்யுங்கள். பெயர் குழப்பத்தில் நிரபராதியை வெளியேற்றியவர்கள் உண்டு. புகார் கொடுத்தவர் யார் என்று வெளியேறியவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள், மாடரேட்டர் குழுவிலும் தேவையில்லாமல் பெயரைப் போடாதீர்கள். காவல்துறைக்குப் போவதா என்பது அவர் முடிவு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் இருக்கிறது என்று சொல்வதோடு நில்லுங்கள்.

புதிதாகச் சேர்பவர்களுக்கான வரவேற்புச் செய்தியில் ஒரு வரி இருக்கட்டும்: அமைப்புகளில் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' பகுதிக்குப் போய், தொலைபேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள். இந்த வரியை விதிகளுக்கு முன்னால் வைக்கலாம், தப்பில்லை.

இன்னொரு தொல்லை, அட்மினின் பெயரையும் படத்தையும் நகலெடுத்துப் புதியவர்களிடம் 'மெட்டீரியல் 499 ரூபாய்' என்று கேட்பது. 'அட்மின்கள் யாரும் பணம் கேட்க மாட்டோம், முதலில் தனிச்செய்தியும் அனுப்ப மாட்டோம்' என்று பின் செய்துவிடுங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டேன் என்று வந்தால் அறிவுரை சொல்லாமல், உடனே 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் நிறுத்தப்பட வாய்ப்பு.

9. சாதி வரும் இடம்

இதில்தான் புதிய மாடரேட்டர்கள் மிகவும் திணறுகிறார்கள், ஏனென்றால் இந்தத் தேர்வில் இட ஒதுக்கீடு பாடமும்கூட, வாழ்க்கையும்கூட. தமிழ்நாட்டின் 69 சதவீதம் எப்படிப் பிரிகிறது என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த 76-ஆம் திருத்தம் வரை கேள்வி வரும். 'சாதிப் பேச்சு கூடாது' என்று மொத்தமாகத் தடை போட்டால் பாடத்தையே தடை செய்ததாகிவிடும்.

அதனால் எல்லைக்கோட்டை இப்படிப் போடுங்கள்: சட்டத்தையும் எண்ணையும் பற்றி எதுவும் பேசலாம், ஒரு மெம்பரைப் பற்றிப் பேசக் கூடாது. தன் கட்-ஆஃப் வாய்ப்பைத் தெரிந்துகொள்ள ஒருவர் 'எஸ்சி, 168 கேள்வி சரி, வாய்ப்பு உண்டா?' என்று கேட்கிறார். ஒருவர் கீழே 'உங்களுக்கென்ன, கம்மி மார்க்கே போதுமே' என்கிறார். இதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. தானியங்கிப் பாட் எதுவும் பிடிக்காது. ஆனால் அதைப் படிக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு உடம்பில் பட்டது போலிருக்கும்.

இந்த வரியை உடனே எடுங்கள். எழுதியவரிடம் தனியாகப் பேசுங்கள், அதுவும் முதல் முறையிலேயே எழுத்தில் எச்சரிக்கையாக. இரண்டாம் முறை வெளியேற்றம். 'ஜாலியாத்தான் சொன்னேன்' என்பார். சொல்லட்டும். கேட்டவருக்கும் ஒரு செய்தி போக வேண்டும்: 'அந்தப் பதிலை எடுத்துவிட்டோம், உங்கள் கேள்வி அப்படியே இருக்கிறது.' புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பிரச்சினை வேண்டாம் என்று கேள்வி, பதில் இரண்டையும் சேர்த்து நீக்கிவிடுவது. கேட்டவரும் தப்பு செய்ததாக ஆகிவிடுகிறது.

கட்சிச் சண்டைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. நடப்பு நிகழ்வுக்குத் தேவையான அளவு தவிர மீதியை எடுத்துவிடுங்கள்.

10. வதந்தி வந்தால்

குரூப் 4 குழுக்களில் வதந்தி ஓயாததற்குக் காரணம் உண்டு. 2022 ஜூலையில் எழுதிய தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. எட்டு மாதமும் வாரம் ஒருமுறை 'நாளை ரிசல்ட்'. 2019 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த மறையும் மை மோசடி (எழுதிய சில மணி நேரத்தில் அழிந்துவிடும் மையால் விடை குறித்துவிட்டு, பிறகு சரியான விடையை நிரப்பியது) உண்மையென்று 2020 ஜனவரியில் தெரியவந்து, 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதனால் 'வினாத்தாள் அவுட்' என்று யார் போட்டாலும் நம்ப ஆள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

முதல் வேலை, ஆணையத் தளத்தைத் திறந்து பார்ப்பது. இல்லையென்றால் போலி அறிவிப்புப் படத்தை நீக்குங்கள், கூடவே ஒரு வரி போடுங்கள்: 'தேர்வு தள்ளிவைப்பு என்று ஒரு படம் வந்தது. மாலை 4:10 நிலவரப்படி ஆணையத் தளத்தில் அப்படி எதுவும் இல்லை.' நேரம் முக்கியம், ஐந்து மணிக்கு உண்மையாகவே அறிவிப்பு வந்தாலும் நீங்கள் பொய் சொன்னதாகாது. படத்தை மட்டும் நீக்கிவிட்டுப் பேசாமல் இருந்தால் 'அட்மின் எதையோ மறைக்கிறார்' என்று இன்னும் வேகமாகப் பரவும். மறுப்பு மட்டும் போட்டுவிட்டுப் படத்தை விட்டாலும் பயனில்லை. படம் தனியாக ஃபார்வர்டு ஆகும், உங்கள் மறுப்பு அதோடு போகாது.

11. தேர்வு நாள்

முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குக் குழுவைப் பூட்டுங்கள், அதாவது மெம்பர்கள் செய்தி அனுப்பும் அனுமதியை அணைத்துவிடுங்கள். கடைசிச் செய்தியாக ஹால் டிக்கெட், கருப்பு மைப் பேனா, அடையாள அட்டை, 9 மணிக்குள் மையத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நினைவூட்டல், அவ்வளவு போதும். அன்றிரவு வரும் 'முக்கிய 50 வினாக்கள்' யாருக்கும் உதவியதில்லை. பல பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன.

12:30-க்குத் தேர்வு முடிந்தவுடன் திறந்துவிடாதீர்கள், இரண்டு மணிக்குத் திறங்கள். 200 வினாவைப் பற்றி ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதற்கு முன்பே குழுவில் தலைப்புகள் வசதியை இயக்கி, தமிழ் 100 வினாவுக்கு ஒன்று, பொது அறிவு 75-க்கு ஒன்று, திறனறி 25-க்கு ஒன்று, புலம்பலுக்கு ஒன்று எனப் பிரித்து வையுங்கள். புலம்பல் தலைப்பை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் 'நான் காலி' என்ற செய்திகள் விடை விவாதத்துக்குள் வந்துவிடும்.

மாடரேட்டர்கள் விடை அறிவிக்க வேண்டாம். அட்மின் சொன்னால் அதுவே ஆணையத்தின் விடை போலப் பரவும். உத்தேச விடைக்குறிப்பு வந்து, அதை மறுக்கும் கால அவகாசமும் முடியும்வரை 'பாடநூல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். அன்று யாராவது உயிரை விட்டுவிடுவேன் என்கிற மாதிரி எழுதினால் அதை நீக்கிவிட்டு நகராதீர்கள். ஒரு மாடரேட்டர் மற்ற வேலையை விட்டுவிட்டு அவரிடம் தனியாகப் பேச வேண்டும். 104 மருத்துவ உதவி எண்ணைக் கொடுக்கலாம்.

12. மெம்பர் போட்டதற்கு அட்மின் மேல் வழக்கு வருமா?

எல்லாப் புதியவர்களும் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லையென்றால் அவர் பெயரைக் குற்ற அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்றது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் மெம்பரின் பதிவுக்கு அட்மின் குற்றப் பொறுப்பாளி ஆக மாட்டார் என்றது. ஆனால் நீங்களே அதை ஆமோதித்துப் பேசினாலோ, பின் செய்தாலோ கதை வேறு. புகார் வந்த செய்தியை, பார்த்த நேரத்தோடு பதிவேட்டில் குறித்துவிட்டு நீக்குங்கள். சிறார் தொடர்பான ஆபாசம் மட்டும் விதிவிலக்கு: ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். டெலிகிராமுக்கும் சைபர் குற்றத் தளத்துக்கும் புகார் கொடுத்துவிட்டு நீக்குங்கள்.

13. நீங்கள் தப்பு செய்தால்

செய்வீர்கள். நான் ஒருவரை விளம்பரக்காரர் என்று நினைத்து வெளியேற்றினேன். அவர் போட்டது அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவச வகுப்பு அறிவிப்பு. நடவடிக்கை பொதுவில் தெரிந்திருந்தால் திருத்தமும் பொதுவில்தான் வர வேண்டும். 'நேற்று இவரை நீக்கியது என் தவறு, திரும்பச் சேர்த்திருக்கிறோம்' என்று இரண்டு வரி. விளக்கம் நீண்டால் சமாளிப்பு போலத் தெரியும். மேல்முறையீட்டை வேறொரு மாடரேட்டர் பார்க்கட்டும், தன் முடிவைத் தானே மறுபரிசீலனை செய்பவர் பெரும்பாலும் அதே முடிவுக்குத்தான் வருவார்.

14. ஒப்படைத்துவிட்டுப் போவது

படிப்புக் குழுவின் அட்மினுக்கு என்றாவது வேலை கிடைத்துவிடும், கிடைக்க வேண்டும் என்பதுதானே ஆசை. ஆணை வந்த மகிழ்ச்சியில் ஆள் காணாமல் போவார். உரிமையாளரே அப்படிப் போனால், பழைய சிம்மும் கைவிட்டுப் போனால், புதிய அட்மினைச் சேர்க்கக்கூட ஆள் இருக்காது.

அதனால் முடிவுகள் வந்த வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். உரிமையை மாற்ற இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், அதையும் போட்ட அன்றே மாற்ற முடியாது, ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். பொறுப்பேற்பவரிடம் பதிவேட்டைக் கொடுத்து, கடைசி இருபது நடவடிக்கைகளை ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அதில்தான் தெரியும். பிறகு உங்கள் பழைய சேரும் லிங்குகளை ரத்து செய்து, உங்கள் அட்மின் உரிமையை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். நான் கடைசியாகப் பார்த்த அட்மின் ஒருவர் கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டார். இப்போது அந்தக் குழுவில் மெம்பராக இருக்கிறார், பேசுவதில்லை, படித்துவிட்டுப் போகிறார்.